குன்றத்தூர் படியில் கேட்ட உதவி

12.11.2006, ஞாயிறு

இன்று குன்றத்தூர் மலைக்கோயிலில் என்னைப் பெண் பார்த்தார்கள். முருகன் சன்னதியில் இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் நின்று கும்பிட்டோம். இறங்கும்போது மாப்பிள்ளை படியில் என் பக்கத்தில் வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. எனக்கு வேற ஒருத்தங்க இருக்காங்க. வீட்ல சொல்ல தைரியம் இல்ல. நீங்களே பிடிக்கலன்னு சொல்லிடுங்களேன்."

சரி என்றேன்.

தாம்பரம் பஸ்ஸில் அண்ணனிடம் பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

"இது ஏழாவது இடம்மா. அவங்களுக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. அப்படி என்னதான் குறை?"

"உயரம் கம்மிண்ணா."

அண்ணன் சாப்பிடாமலே படுத்துவிட்டார். முன்பு வந்த ஆறு பேரும் என்னை வேண்டாம் என்றவர்கள். இவரை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. புடவையை மாற்றக்கூட அலுப்பாக இருக்கிறது.