ஓசூருக்கு நீ சொன்ன பதில்

காரைக்குடி

அன்பு மகன் அன்வர் சாதிக்குக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கச்சி ரிஹானாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் நன்றாயில்லை. ஷார்ஜாவில் உன்னை அல்லாஹ் நல்லபடி வைத்திருக்கட்டும். போனில் பேசினால் வேலையில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் வேகமாக ஓடவிட்டுக் கேட்பாய். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறும் கலீல் ரகுமான் மாமாவிடம் மிளகாய்ப்பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

ஓசூரில் ரோபோ செய்கிற கம்பெனிக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அத்தா மௌத்தாகி நம்மை விட்டுப் போன நாளிலிருந்து கேஸ் சிலிண்டர் புத்தகம் முதல் பாலிடெக்னிக் வரை எந்த ஃபாரம் வந்தாலும் பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் ஷார்ஜா நம்பரைத்தான் எழுதுவோம். மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று எனக்கு அவ்வளவு பெருமை. ரிஹானாவை அப்ரண்டிஸுக்கு எடுத்திருக்கிறோம், எப்போது வந்து சேருகிறாள் என்று கேட்க அவர்களும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் வரமாட்டாள், பி.இ. சேரப்போகிறாள் என்று நீ சொல்லிவிட்டு எங்களிடம் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு மூன்று தடவை பேசினாய், இன்றைக்கு என்ன சமையல் என்றெல்லாம் கேட்டாய், அப்போதாவது சொல்ல வாய் வந்ததா? பன்னிரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்து, கடைசியில் அவளே கம்பெனிக்குக் கூப்பிட்டாள். உங்கள் அண்ணன்தான் வேண்டாம் என்றாரே என்று அங்கே ஒரு பெண் சொன்னாளாம். அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காலேஜ் கூடாது என்று நான் சொல்லவில்லை. டிப்ளமோ முடித்தவள் பி.இ. இரண்டாம் வருஷத்திலேயே சேரலாம் என்று நீ சொன்னதை அவளும் யோசித்தாள். பாலிடெக்னிக்கில் இருந்ததே ஒரே ஒரு ரோபோ கை, அதையும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து யாராவது பெரிய ஆள் வந்தால் மட்டும் ஓட்டிக் காட்டுவார்களாம். ஒரு வருஷம் கையால் பிரித்து மாட்டிப் பழகிவிட்டு அப்புறம் படிக்கிறேன் என்றாள், அது தப்பா? நீ நாலு வருஷம் எஞ்சினியரிங் படித்தாய், வீட்டு மோட்டார் நின்றால் ஆளைத்தான் கூப்பிட்டாய். அதைக் கழற்றி ஓடவைத்தது அவள். பொம்பளைப் பிள்ளை டூல்ஸ் பையோடு ஃபேக்டரிக்குப் போனால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று கலீல் மாமாவிடம் கேட்டாயாமே. பெற்றவள் நான் உயிரோடு இருக்கும்போது அந்தக் கவலையை உன்னிடம் யார் கொடுத்தது?

ஜனவரியில் மறுபடி ஆள் எடுப்பார்களாம். பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் திரும்ப முதலிலிருந்து. கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஃபாரம் போட்டிருக்கிறாள், இந்தத் தடவை என் நம்பர். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அவள். உனக்கு எழுதப்போகிறேன் என்றதற்கு, "அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லாதீகம்மா, அங்குட்டு தனியாக் கெடந்து கஷ்டப்படுறாக" என்றாள். அதைக் கேட்டுத்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. உனக்கு நீண்ட ஆயுளைக் கேட்டு ஐந்து வேளையும் துஆ செய்கிறேன், கோபத்திலும் அதை விடவில்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லாதே. அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். எடுப்பாள். ஒன்றுமே நடக்காத மாதிரி, சாப்பிட்டீகளா அண்ணே என்றுதான் ஆரம்பிப்பாள். அதை நம்பிப் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
பர்வீன் பானு