சுண்ணாம்பு படாத கல்

ஆம்பூர்,
22.11.1983

அன்புள்ள தங்கை டோரதிக்கு,

தேவகிருபை எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நீ குவைத்தில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நல்ல மழை, பாலாற்றில்கூடக் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது. நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் உன் அம்மா (நானும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன்) உன்னைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டு, எனக்கு 'நீ' என்றுதான் எழுத வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

நீ அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். கல்லறைத் திருநாளுக்கு எல்லாக் கல்லறையும் வெள்ளையடித்துப் பூ வைத்து இருந்ததாகவும், உன் அப்பா இருதயராஜ் கல்லறை மட்டும் பாசி பிடித்துக் கிடந்ததாகவும், ஊரிலிருந்து வந்தவர்கள் உன்னிடம் சொன்னார்களாமே. பெற்ற அப்பாவுக்கு ஒரு கை சுண்ணாம்புக்குக்கூட வழியில்லையா என்று கேட்டிருந்தாய். அம்மா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிருபை, இத நீயே எழுதிடு. எனக்கு வெளக்கத் தெரியாது" என்றார்.

நான் வேலூரில் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் ஆராய்ச்சி கல்பாசியைப் பற்றி. மசாலாவில் போடுகிறோமே, அந்த வகையறா. பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று கெட்டால் முதலில் சாவது அதுதான். ஏலகிரியில் மரத்துக்கு மரம் இருக்கிறது. தோல் பதனிடுகிற ஷாப் பக்கம் வந்தால் தேடித் தேடிக் கண் வலிக்கும். கல்லறைக் கல் எனக்கு ரொம்ப உதவி, ஏனென்றால் எந்த வருஷம் நட்டது என்று அதிலேயே எழுதியிருக்கும், பாசியின் வயதைக் கணக்குப் போடலாம். ஆனால் நம் ஜனங்கள் நவம்பர் பிறக்கும்போது தேங்காய் நாரும் சீயக்காயுமாக வந்து, என் ஆராய்ச்சியை வழித்துத் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி ஒவ்வொரு கல்லாகப் பறிகொடுத்து, எல்லாவற்றையும் மூட்டைகட்டி வைத்துவிடலாமா என்று இருந்த சமயத்தில்தான் உன் அப்பா கல்லைப் பார்த்தேன். மதில் நிழலில், ஷாப்பின் புகைபோக்கி தெரிகிற பக்கத்தில், நாலணா அளவுக்கு ஒரு பாசி உயிரோடு இருந்தது. அதன் பக்கத்தில் உன் அம்மா, கையில் நாரோடு.

தேய்க்காதீர்கள் என்று நான் போட்ட சத்தத்தில் அங்கே இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாம்மா, இது உன் சொத்தா?" என்றார். பிரியாணி மசாலாவில் போடும் கல்பாசிக்கு இது சொந்தம் என்று நான் சொன்னதும் முகமே மாறிவிட்டது. "பிரியாணிக்குப் போடறதா? அந்த மனுசனுக்கு அதுன்னா உசுரு. சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்று நாரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் படிப்புக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது, டோரதி. அந்த நன்றிக்கடனை நான் எப்படித் தீர்ப்பேன்?

அதிலிருந்து பெயர் எழுதிய இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைப்பார். மெழுகுவத்தியைக் கல்லில் வைக்காமல் தரையில் வைப்பார். நான் அளவெடுக்கும்போது குனிந்து, "வளந்திருக்கா?" என்று கேட்பார். ஒரு நூலளவு வளர்ந்திருக்கும். அதற்கே பேரப்பிள்ளை நடந்துவிட்ட மாதிரி சந்தோஷப்படுவார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் அவர் காதுபடவே உன்னையும் சேர்த்துக் குறை பேசினார்கள். அம்மா பதில் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார்: "அவரு அந்த ஷாப்புல வேல செஞ்சிதான் மூச்சு வாங்கி வாங்கியே போனாரு. அவரு தலமாட்டுல இது மூச்சு வுடுதுன்னு சொல்றே. அத நான் தேய்ப்பனா?"

இந்த வருஷம் கோயில்காரர்கள், எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வெள்ளையடிக்க ஆள் வைத்துவிட்டார்கள். நான் கல்லூரியில் இருந்தேன். விஷயம் தெரிந்து அம்மா போய், குடையைப் பிடித்துக்கொண்டு கல்மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். வாளியோடு வந்தவர் கெஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். "எம் மேல சேத்து அடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டாராம். சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், சுற்றிலும் ஒரே வெள்ளை, நடுவில் அம்மா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. சிரித்து முடித்த பிறகு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கைத்தாங்கலாகப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். அங்கே என்ன சொன்னார்கள் என்று உனக்கு எழுதவே கூடாதாம். நான் வேறு சபை என்பதைக்கூடப் பார்க்காமல் ஜெபமாலையை என் கையில் திணித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். "தெரிஞ்சா லீவு போட்டுட்டு ஓடியாந்துருவா" என்கிறார். சத்தியத்தை நான் மீறவில்லை. கல்லைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

என் ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அமிர்தவள்ளி அம்மாளுக்கு நன்றி என்று முதல் பக்கத்திலேயே இங்கிலீஷில் டைப் அடித்திருக்கிறது. தன் பெயர் எது என்று காட்டச் சொல்லி, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இனிமேல் அளவெடுக்க வேண்டியதில்லை, கல்லைக் கழுவலாம், நானே கழுவித் தருகிறேன் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. "டோரதி வந்து தேய்க்கட்டும். அப்பனுக்கு அவ கையால ஆவட்டும். நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினு இருக்கேன்" என்கிறார்.

நாரையும் சீயக்காயையும் ஒரு டப்பாவில் போட்டு உன் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். பாசிக்கு ஒன்றும் அவசரமில்லை, இன்னும் பத்து வருஷம் ஆனாலும் அந்தக் கல்லிலேயே இருக்கும். அதை நான் உறுதியாகச் சொல்வேன். வேறு எதையும் உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடு, டோரதி. நீ தேய்க்கும்போது அம்மா பக்கத்தில் உட்காருவதற்கு ஒரு முக்காலி வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள் குடும்பத்துக்கு என்றும் நன்றியுள்ள அக்கா,
தேவகிருபை