ஏரிக்கரையில் ஆறு வீடுகள்

என் தங்கத்துக்கு,

ஜெயித்துவிட்டோம்! ஏரிக்கரைப் பொது நிலத்தில், ஊரில் வேலை செய்கிறவர்களுக்காக ஆறு வாடகை வீடுகள் கட்டுவதென்று நேற்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது.

விடுமுறைக்கு மட்டும் வந்து போகிற பங்களாக்காரர் எழுந்து, "அங்க வீடு வந்தா எங்களுக்கு ஏரி தெரியாதே" என்றார். அவர் வீட்டைப் பெருக்கித் துடைப்பவள் நான். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். ஆனாலும், வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காமல் நீயும் மாப்பிள்ளையும் பஸ் ஏறிய காலை கண்முன் வந்தது. எழுந்துவிட்டேன்.

"ஐயா, என் இடுப்புல ஒன்பது வீட்டுச் சாவி தொங்குது. லீவு நாள் தவிர ஒன்பதும் வருஷம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கு. என் பொண்ணுக்குத் தலை சாய்க்க இந்த ஊர்ல ஒரு இடமில்ல."

மளிகைக்கடைக்காரி முதலில் கை தூக்கினாள். அடுத்துத் தூக்கியது யார் தெரியுமா? பங்களாக்காரரின் மனைவி! அந்த மனுஷர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இன்று காலை பயந்துகொண்டேதான் வேலைக்குப் போனேன். அந்த அம்மாவே கதவைத் திறந்து, "உள்ள வாங்க, காபி ஆறுது" என்றார்.

முதல் வீடு பள்ளி வேன் ஓட்டுகிறவருக்காம். நீ விட்டுப் போனதிலிருந்து அந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. உன் லைசென்ஸ் இன்னும் செல்லும்தானே?

உன் அம்மா