வீட்டுக்காரர் வெட்ட வந்த நெல்லி

திருவனந்தபுரம்,
ஜூன் 1999

அன்புள்ள அத்தானுக்கு,

உலகம்மை எழுதுவது. நான் இங்கே சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அத்தைக்கு இருமல் நின்றதா?

என் வாடகை வீட்டின் பின்னால் நெல்லிமரம் ஒன்று நிற்கிறதே, போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் அதை வெட்டக் கோடாலியோடு வந்துவிட்டார்.

“வருஷாவருஷம் பூக்குது, காய் மாத்திரம் இல்ல. முறிச்சுக் களையலாம், கேட்டோ,” என்று தன் மலையாளத் தமிழில் சொன்னார்.

நான் போய் மரத்தடியில் நின்றுகொண்டேன். “அது ஒத்தையா நிக்கு அண்ணாச்சி. பக்கத்துல வேற ரகம் ஒண்ணு பூத்தாதான் காய் பிடிக்கும். மூணு வருஷம் பொறுங்க, நான் காய்க்க வைக்கேன்.”

அவர் சிரித்துக்கொண்டே கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் வேறு ரக ஒட்டுக்கன்று வாங்கி வந்து நட்டுவிட்டேன். குழி தோண்டும்போது சேற்றில் கால் வழுக்கியது. லேசான வீக்கம்தான், ஆபீசுக்கு நடந்தே போகிறேன்.

மூன்று வருஷமா என்று கோபப்படாதீர்கள். நம் ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் போனாலும் இந்த மரம் காய்க்க வேண்டும்.

வரும்போது நம் தொழுவத்து எரு ஒரு சாக்கு கொண்டுவாருங்கள். பஸ்ஸில் சாக்கை ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டால் வெறுங்கையோடாவது வாருங்கள்.

மழை வருகிறது. கன்றுக்குக் குச்சி ஊன்றிக் கட்டவேண்டும்.

உங்கள்
உலகம்மை