லூசியம்மாள் திருநாளன்று வந்த ரொட்டி

தூரின்,
28 அக்டோபர் 1988

அன்புள்ள நுன்சியாவுக்கு,

மாதா அருளால் நலமாக இருக்கிறேன். உன் வீட்டுக்காரர் பெப்பேயின் முழங்கால் வலி தேவலையா? ஆலிவ் பீப்பாயைத் தனியாகத் தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டார்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். பயந்துவிடாதே, சாப்பாட்டுக் காரியம்தான். டிசம்பர் நடுவில் மூன்று நாள் பலேர்மோவுக்கு வரலாம் என்றிருக்கிறோம். கோயில், அரண்மனை எதுவும் வேண்டாம். காலையில் கண் விழித்தால் சாப்பாடு, இரவு படுக்கும்வரை சாப்பாடு. எந்தச் சந்தையில், யார் கடையில், எந்த நேரத்தில் என்று திட்டம் போட்டுக் கொடுக்க உன்னை விட்டால் யார்? உன் அண்ணன் இருந்தபோது, அவருக்குக் கார்த் தொழிற்சாலை விடுமுறை விடும் ஆகஸ்டில் மட்டும்தானே நாங்கள் வருவோம். குளிர்காலத்தில் உங்கள் ஊர் என்ன தின்கிறது என்றே எனக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில், வடக்கத்திப் பெண் என்று உங்கள் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீதான் என்னைப் பல்லாரோ சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாய். கடலைமாவில் பொரித்த பனெல்லேயைச் சுடச்சுடக் கையில் திணித்து, "தின்னுங்க அண்ணி, வாய் நெறைஞ்சிருந்தா அழுகை வராது" என்றாய். அந்த நன்றியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

தங்குவதற்கு அறை எடுத்துக்கொள்வோம். உனக்குச் சிரமம் வேண்டாம்.

அன்புடன்,
லீவியா

பலேர்மோ,
9 நவம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

அறையா? நான் இந்த ஊரில் உயிரோடுதான் இருக்கிறேன், போன வாரம்கூட மீன்காரனோடு சண்டை போட்டேன். சாரோ அண்ணனை அடக்கம் செய்த பிறகு நாலு வருடமாக எட்டிப் பார்க்காதவர், இப்போது வரும்போது அறை எடுக்கிறாராம்! கோபத்தில் கடிதத்தை இரண்டு முறை மடித்து வைத்துவிட்டேன். பிறகு சாப்பாடு என்று எழுதியிருந்ததால் மறுபடி எடுத்தேன்.

திட்டம் போட உட்கார்ந்ததும் பெப்பே வந்து மூக்கை நுழைத்தார். முதல் நாள் காட்டுச் சோம்பு போட்ட மத்தி மீன் பாஸ்தா என்று எழுதினேன். "இந்த மாசத்துல காட்டுச் சோம்பு எங்க முளைக்குது, உன் தலையிலயா?" என்றார். சரியென்று அடித்துவிட்டேன். அதனால் முதல் நாள் துறைமுகத்தருகே நின்றபடி அவித்த பேய்க்கணவாய், எலுமிச்சை பிழிந்து. மதியம் மண்ணீரல் வைத்த பன். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், நீங்கள் சுளிக்க மாட்டீர்கள். மறுநாளுக்குக் காப்போ சந்தை, நான் கூட வராமல் போகாதீர்கள், விலையை ஏற்றிவிடுவான்கள். இனிப்புக்குக் கசாத்தா கேக். எந்த மடத்துக் கன்னியர் செய்தது என்பதில் எனக்கும் பெப்பேக்கும் இருபது வருடத் தகராறு, அதனால் இரண்டு மடத்திலும் வாங்கிவிடலாம்.

மற்றபடி, "என்றிருக்கிறோம்", "எடுத்துக்கொள்வோம்" என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கூட வருவது யார்? பக்கத்து வீட்டு மரீசாவா? அவள் மீன் வாடைக்கே மூக்கைப் பொத்துவாளே. யாரென்று தெரிந்தால்தானே எத்தனை கிலோ வாங்குவது என்று சொல்ல முடியும்.

உங்கள் நுன்சியா

தூரின்,
18 நவம்பர்

அன்புள்ள நுன்சியாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூட வருவது எத்தோரே. எங்கள் தெருமுனையில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். மனைவியை இழந்தவர். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம்.

என் வாயில் எப்போதும் பலேர்மோ சாப்பாட்டுக் கதைதான் என்று அவருக்குப் பொறாமை. "நானும் ஒருதரம் வந்து தின்னு பாக்குறேன், அப்பறம் பேசு" என்றார். டிசம்பரில் அவர் கடை அடுப்புக்கு உள்செங்கல் மாற்றுகிறார்கள், அதனால் கடை மூடல். பன்னிரண்டாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குகிறோம். பதின்மூன்றாம் தேதி முழுவதும் ரொட்டி நாள் என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். எள் ஒட்டிய ரொட்டியிலிருந்து வெங்காயமும் நெத்திலியும் போட்ட தடித்த ரொட்டிவரை ஒன்றையும் விடப்போவதில்லையாம்.

நுன்சியா, எனக்குப் பிள்ளை இல்லை. என் பக்கத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளவும் யாரும் இல்லை. இந்த உலகத்தில் என்னை அண்ணி என்று கூப்பிட நீ ஒருத்திதான் இருக்கிறாய். வேறொருவரைக் கட்டிக்கொண்டால் அது போய்விடுமே என்றுதான் பயம். அறை எடுத்ததும் அதனால்தான். உனக்குக் கஷ்டமாக இருந்தால் பதில் எழுத வேண்டாம். நாங்கள் வந்து சாப்பிட்டுவிட்டு, உன் வாசல் பக்கம் வராமல் திரும்பிவிடுவோம். உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

லீவியா

பலேர்மோ,
3 டிசம்பர்

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாளாக எழுத மனம் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன், கோபமாகத்தான் இருந்தது. யார்மேல் என்றால் தெரியவில்லை. அண்ணன் படத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். பெப்பேதான் கத்தினார்: "உனக்கு ராத்திரி கால் குளுந்தா தேய்ச்சு விட நான் கெடக்கேன். லீவியாத் தங்கச்சிக்கு யாரு இருக்கா? உங்க அண்ணன் எழுந்து வரப்போறானா?"

பதின்மூன்றாம் தேதி மதியம் வீட்டுக்கு வாருங்கள், இருவரும். சமைத்து வைக்கிறேன். பேச வருமா என்று தெரியாது.

நுன்சியா

பலேர்மோ,
20 டிசம்பர்

எத்தோரே அவர்களுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு ஏன் என்று ஆச்சரியப்படுவீர்கள். கடைசிவரை படியுங்கள், தெரியும்.

முதலில் அந்த ரொட்டி. பதின்மூன்றாம் தேதி, புனித லூசியம்மாள் திருநாளன்று, பலேர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டோம் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், அதனால் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. ஆகஸ்டில் மட்டும் வந்த அண்ணிக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்தால், பழைய அடுப்பில் கடைசியாகச் சுட்டது என்று சொல்லி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அவ்வளவு பெரிய ரொட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். பெப்பே சிலுவை போட்டுக்கொண்டார். "ஐயோ சாமி, இன்னிக்கா! கீழ் வீட்டுக்காரி பாத்தா ஊரக் கூட்டிருவா, உள்ள வாங்க, உள்ள வாங்க!" உங்கள் முகம் தக்காளியாகிவிட்டது. "நான் வேணா கீழ கொண்டுபோய் வச்சிட்டு வரட்டுமா?" என்றீர்கள். அன்று சிரிக்கவே கூடாது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். என்ன பயன்? சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பஞ்ச காலத்தில் லூசியம்மாள் கோதுமைக் கப்பலை அனுப்பினாளாம். மாவாக்கப் பொறுமையில்லாமல் ஜனங்கள் கோதுமையை அப்படியே வேகவைத்துத் தின்றார்களாம். அந்த நன்றிக்குத்தான் அன்றைக்கு ரொட்டி இல்லாமல், ரிக்கோத்தா பாலாடைக்கட்டி பிசைந்த கோதுமையும் பொரித்த சோற்றுருண்டையும். ரொட்டிக்காரராக இருந்தும் நீங்கள் முணுமுணுக்காமல் ஆறு உருண்டை சாப்பிட்டதைப் பெப்பே சந்தையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. உருண்டைத் தட்டை நான் மேசையில் வைத்ததும், பேச்சை நிறுத்தாமலே, நன்றாகச் சிவந்த உருண்டையாகப் பார்த்து எடுத்து அண்ணி தட்டில் வைத்தீர்கள். பிறகுதான் உங்களுக்கு எடுத்தீர்கள். நீங்கள் யோசித்துச் செய்யவில்லை, அது எனக்குத் தெரிந்தது. அண்ணி அந்த உருண்டையைச் சூடு ஆறுமுன் எடுத்துக் கடித்தார்கள். முப்பது வருடம் எங்கள் வீட்டு மேசையில் எழுந்து எழுந்து எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, ஆறினதைக் கடைசியில் சாப்பிட்டவர் அவர். எங்கள் அண்ணன் தங்கமானவன்தான், ஆனால் இது அவனுக்கும் தோன்றியதில்லை.

அதைப் பார்த்ததும் என் மனதில் இருந்த கல் இறங்கிவிட்டது.

பக்கவாதம் வந்து அண்ணன் இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அண்ணிதான் கரண்டி கரண்டியாக ஊட்டினார்கள். அவன் துப்பினால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார்கள். கூடப் பிறந்த நான் ஆயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். கோதுமை கொண்டுவந்த லூசியம்மாளுக்கு வருடா வருடம் நன்றி சொல்கிறோம். அண்ணன் பசியோடு சாகாமல் பார்த்துக்கொண்டவருக்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று மேசையில் சொல்லிவிடத்தான் இருந்தேன். வாயைத் திறந்தால், "இன்னொரு உருண்டை வைக்கட்டுமா அண்ணி?" என்றுதான் வந்தது. நேரில் எனக்கு வராது. அதனால் இந்தப் பத்தியை நீங்கள் அவர் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். அழுதால் அழட்டும், நிறுத்தாமல் படியுங்கள்.

உங்கள் ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்து, மறுநாள் காலை எண்ணெயும் உப்பும் தொட்டுச் சாப்பிட்டோம். மேல் ஓடு மொறுமொறுவென்று இருந்தது. பெப்பேக்கு ஒரு பல் போயிற்று, அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததுதான், நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம் எந்தத் தேதி என்று எழுதுங்கள். பெண் வீட்டு ஆட்கள் என்று கோயிலில் முன்வரிசையில் யாராவது உட்கார வேண்டும் அல்லவா? நானும் பெப்பேயும் வருகிறோம். லீவியாவை இனி எப்படிக் கூப்பிடப்போகிறாய் என்று இவர் என்னைச் சீண்டுகிறார். அவர் எனக்கு அண்ணிதான். மாற்றிக் கூப்பிட எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
நுன்சியா