சுவர்க் குழாயில் செடம்

அக்டோபர் 4, சனி
எங்கள் தோட்டத்தைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரில் மழைத்தண்ணீர் வடிய பத்துக் குழாய் விட்டிருக்கிறது. பத்திலும் மண்ணைத் திணித்து செடம் என்கிற அழகுச் செடியை நட்டுவிட்டேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குண்டுகுண்டு இலைகள். கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "சுவத்துக்குக் கம்மல் போட்டுட்டியா?" என்றார். என்ன அழகு!

அக்டோபர் 19, ஞாயிறு
நல்ல மழை. குடையோடு சுவருக்குக் கீழே போய் நின்று ரசித்தேன். இலைக்கு இலை துளிகள். சுவரை ஒட்டிய கீழ்வீட்டில் தனியாக இருந்து தையல் தைத்துப் பிழைக்கும் ஜானகி வெளியே வந்தாள். "ஏனுங்க்கா, போன வருசம் இந்தக் கொழாயெல்லாம் எங்க வாசல்லயே கொட்டுமுங்க. இப்ப ஒரு சொட்டு வரலீங்க. நல்ல வேலை பண்ணுனீங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்குள் வந்த பிறகுதான் தோன்றியது - அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?

நவம்பர் 6, வியாழன்
மழை விட்டபாடில்லை. தோட்டத்தில் கால் வைத்தால் அமுங்குகிறது. கொத்தனார் ஆறுக்குட்டி வந்து பார்த்தார். "சொவரு வயிறு தள்ளிருச்சுங்கம்மா. இன்னைக்கே செடியப் புடுங்கிக் கொழாயத் தொறந்து உடுங்க. கீழ ஊட்டுல ஆளு இருக்காங்கல்லீங்க?"

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் முனவ்வரா கோயம்புத்தூரிலிருந்து இந்தச் செடம் பார்க்கவே வருகிறாள். இன்னும் மூன்று நாள்தானே? ஜானகியிடம் சொல்லலாமா? சொன்னால் பயந்து ஊரைக் கூட்டுவாள்.

நவம்பர் 7
சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி
சுவரோரம் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. "போய்ப் புடுங்குடி!" என்று அவர் கத்தினார். மழை கொஞ்சம் விடட்டும் என்றேன். எனக்கு எதற்கு இத்தனை வீம்பு?

நவம்பர் 9
விடிந்ததும் சுவர் விழுந்துவிட்டது. ஜானகி சமையல்கட்டில் இருந்திருக்கிறாள். அல்லாவே, அல்லாவே.

நவம்பர் 17, திங்கள்
ஜானகி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வலது கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். அதிகாரிகள் மழைச் சேதம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் வாயே திறக்கவில்லை. அவர் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மதியம் ஜானகிக்குக் கஞ்சி ஊட்டினேன். "உங்க செடி அத்தனையும் மண்ணோட போச்சுங்களேக்கா. எத்தன ஆசையா வளத்துனீங்க" என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செடிக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அட, அழுவாதீங்க" என்று இடது கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.