கோழித் துரைக்கு யார் பங்காளி?

என் ஓயாத கேள்விக்காரரே, அன்பான நீல்ஸ்,

உங்கள் தங்கையின் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வழக்கமான நீலநிற விமானத் தபால்தான். ஆனால் மேலே இருந்த கையெழுத்து உங்களுடையது இல்லை. பிரிக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தேன். பிறகு பிரித்தேன். நீங்கள் இறந்து ஆறு வாரம் ஆகிவிட்டதாம்.

இந்த ஆறு வாரமும் நான் உங்களுக்கு எழுத வேண்டியதையெல்லாம் மனசுக்குள் சேர்த்துக்கொண்டே இருந்தேன். புதுக் கொட்டகை போட்டது, ஊருக்கு டெலிவிஷன் வந்தது, மகள் கவிதா பள்ளிக்கூடத்தில் வாத்தியாரையே கேள்வி கேட்டு மடக்கியது. அதையெல்லாம் நான் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்? நீங்கள் இருந்திருந்தால் இதையும் உங்கள் நோட்டில் எழுதியிருப்பீர்கள்.

கடிதத்தின் கடைசியில் உங்கள் தங்கை ஒன்று கேட்டிருக்கிறார். "என் அண்ணனின் முகவரிப் புத்தகத்தில் அதிகப் பெயர்கள் இல்லை. இருந்த சிலவற்றில் உங்கள் பெயர் ஒன்று. நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று தெரிந்துகொள்ளலாமா?" கேள்வி கேட்பது உங்கள் குடும்பத்து வழக்கம் போலிருக்கிறது. எனக்குத்தான் பதில் உடனே வரவில்லை.

டென்மார்க்கிலிருந்து குஞ்சு பொரிக்கும் மிஷினைப் பழுது பார்க்கவும் பழக்கிக்கொடுக்கவும் நீங்கள் வந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் அப்போதுதான் ஒரு கோழிப் பயிற்சிப் பண்ணை தொடங்கியிருந்தார்கள். எங்கள் தோட்டத்துச் சாளை ஒன்று காலியாக இருந்ததால் அப்பா அதை உங்களுக்கு விட்டார். ஓடு வேய்ந்த ஒற்றை அறை, முன்னால் ஒரு வாசல், வாசலில் நீங்கள் கொண்டுவந்து போட்ட இரண்டு மர நாற்காலிகள். ஊர் உங்களுக்குக் கோழித் துரை என்று பெயர் வைத்தது. அதற்கும் நீங்கள் காரணம் கேட்டீர்கள்.

எங்கேயோ வகுப்பில் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தீர்கள். "ஐயா, தாங்கள் இதை எதன் பொருட்டுச் செய்கிறீர்கள்?" என்று மஞ்சள் வேக வைப்பவரிடம் போய்க் கேட்டீர்கள். அவர் யாரோ மேடையில் பேச வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றுவிட்டார். நாமக்கல்லுக்குப் போனால் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில்தான் உங்கள் ஞாயிற்றுக்கிழமை கழியும். புது லாரியின் சக்கரத்துக்கு அடியில் எதற்கு எலுமிச்சம்பழம்? நான்கு சக்கரத்துக்கும் வைக்கிறவர்கள் ஏன் ஸ்டெப்னிக்கு வைப்பதில்லை? பனமரத்துப்பட்டி ஏரியைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனால் ஏரியைப் பார்க்காமல், கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவரிடம் ஏன் கல்லுக்கு முதலில் தண்ணீர் தெளித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. இப்போது ஒத்துக்கொள்கிறேன், பாதிக்குப் பாதி நானே கட்டிவிட்டது. ஸ்டெப்னிக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை உங்கள் நாட்டில் வேறு யாரிடமும் போய்ச் சொல்லிவிடவில்லையே?

ஆனால் ஒன்றைச் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது "நான் போகிறேன்" என்றீர்கள். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "அப்படிச் சொல்லப்படாது சாமி. போயிட்டு வாரேன்னு சொல்லோணும்" என்றாள். அன்றிலிருந்து எங்கே போனாலும், கோழிக் கொட்டகையை விட்டு வெளியே வந்தால்கூட, "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தீர்கள். யார் வந்தாலும் டீ போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதையும் அம்மாதான் சொன்னாள். இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டீர்கள்.

மூன்றாவது வருஷம் உங்கள் அம்மா இறந்துபோனதாகத் தந்தி வந்தது. தந்திக்காரர் உங்களிடம் வந்து சேர்வதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்று பண்ணையில் சொன்னார்கள். மறுநாள் காலையில் நீங்கள் எப்போதும் போல வேலைக்குப் போனீர்கள். பெற்ற தாய் செத்த மறுநாள் கோழிக்குத் தீவனம் வைக்கிறாரே என்று ஊரில் பேச்சு. வேறு என்ன செய்வது என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சொல்ல வேண்டியவன் நான்தான். நான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துக்கம் விசாரிக்க ஏழு பேர் தோளில் துண்டோடு வந்தார்கள். பண்ணையில் குஞ்சுத் தட்டு கழுவும் சின்னப்பன்தான் முன்னால் நின்றார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. வருகிறவர் பேசாமல் இரண்டு கையையும் நீட்டுவார். துக்க வீட்டில் வாசலில் இருக்கும் பங்காளி, அதாவது ஒரே வம்சத்து அண்ணன் தம்பி முறைக்காரர், தன் இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் தொட்டு எடுப்பார். அவ்வளவுதான், பேச்சில்லை. சின்னப்பன் கையை நீட்டினார். நீங்கள் அதில் வலது கையை மட்டும் பிடித்துக் குலுக்கினீர்கள். அடுத்தவருக்கும் குலுக்கினீர்கள். ஏழு பேருக்கும் ஒருவர் விடாமல் குலுக்கினீர்கள்.

பிறகு உள்ளே ஓடிப்போய் டீ போட்டுக் கொண்டுவந்தீர்கள். எழவு வீட்டில் யார் டீ குடிப்பார்கள்? ஏழு டம்ளரும் அப்படியே ஆறிப்போயின. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எல்லோரும் எழுந்து, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்தார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "வாரேன்" சொல்லக் கூடாது. நீங்கள் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து, "ஐயா, நான் ஏதும் தவறு செய்தேனா?" என்று கேட்டீர்கள். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கிணற்று மேட்டில் தென்னை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது அடி தூரம் இருக்குமா? அன்றைக்கு எனக்குக் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பத்திரிகை வைத்தாகிவிட்டது. கல்யாணம் வைத்த வீட்டுக்காரன் எழவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதனால் அடுத்த பேருந்தைப் பிடிப்பது போல அவசரமாகப் பின்பக்கமாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

என் கல்யாணத்துக்கு நீங்கள் வந்தீர்கள். பந்தலுக்குள் வராமல் வேப்பமரத்தடியில் வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தீர்கள். மணவறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரசு தலையை நிமிர்த்தாமலே, "அங்க நெட்டையா நிக்கறாரே, அவரு ஆருங்க? ஏன் உள்ள வராம நிக்கறாரு?" என்று கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சே உங்களைப் பற்றித்தான். துக்கக்காரர் பந்தலுக்குள் போகக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள் நீல்ஸ்? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து நோட்டோடு வந்தீர்கள். "அன்று ஏன் யாரும் தேநீர் அருந்தவில்லைங்க? ஏன் வாரேன் சொல்லவில்லைங்க?" உங்கள் வகுப்புத் தமிழுக்கு அப்போதே எங்கள் ஊர் வால் முளைத்திருந்தது. நான் எல்லாவற்றையும் விளக்கினேன். கை நீட்டுவது எப்படி, யார் உட்கார வேண்டும், யாருக்குத் தீட்டு, யாருக்கு இல்லை. நீங்கள் வரி வரியாக எழுதிக்கொண்டீர்கள். எழுதி முடித்துவிட்டு, "எனக்கு இங்கே பங்காளி யாருங்க?" என்று கேட்டீர்கள்.

நான் சிரித்துவிட்டேன். "உங்களுக்கு ஏதுங்க இங்க பங்காளி?" என்றேன்.

நீங்களும் சிரித்தீர்கள். நோட்டை மூடினீர்கள். அடுத்ததாக வரும் என்று நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வரவில்லை. "அப்படியானால் நீங்கள் ஏன் வரவில்லை?" என்று நீங்கள் கேட்கவே இல்லை. சக்கரத்து எலுமிச்சம்பழத்தை விடாதவர், துவைக்கிற கல்லை விடாதவர், அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகு நாலு வருஷம் அதே தோட்டத்தில் இருந்தீர்கள். சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறும்போதும் கேட்கவில்லை. "போயிட்டு வாரேனுங்க" என்று மட்டும் சரியாகச் சொன்னீர்கள். தெரியாமல் விட்டீர்களா, தெரிந்தே விட்டீர்களா?

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். கவிதாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை காதுகுத்து வைத்திருந்தோம். உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மாமன் தோடு வாங்கிவிட்டான். கடிதத்தைப் படித்துச் சொன்னதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுசன். தலைக்குத் தண்ணி ஊத்திப்போட்டு ஆகவேண்டிய வேலையப் பாரு சாமி" என்றாள். சிநேகிதனுக்குக் குளித்தால் போதும். அதுதான் முறை. அப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"நான் அந்தச் சாளை வாசல்ல உட்காரப் போறேன்" என்றேன்.

"நீ எதுக்கு உட்காரோணும்? உட்கார்ந்தா நமக்குத் தீட்டு. காதுகுத்து நின்னு போகும். ஊரே சிரிக்கும். அவுங்க எந்தச் சீமை, நாம எந்தச் சீமை?"

 சரசுதான் அடுப்படியிலிருந்து வந்தாள். "அத்தே, அன்னிக்கு எங்க கல்யாணத்துக்குத் தீட்டு பட்டுறக்கூடாதுன்னு அந்த மனுசன் வேம்படியிலயே நின்னுட்டுப் போனாருங்க. காதுகுத்தைத் தையில வெச்சுக்கலாம். இவரு உட்காரட்டும்" என்றாள்.

 அம்மா சாளையின் பூட்டுச்சாவியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உங்கள் வாசலில் போய் உட்கார்ந்தேன். நாற்காலி ஒன்றுக்குக் கால் ஆடுகிறது, மற்றது நன்றாக இருக்கிறது. நான் கீழேதான் உட்கார்ந்தேன். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வெட்கமாகக்கூட இருந்தது. முட்டை ஏற்ற வந்த லாரிக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஊட்ல ஏதாச்சுங்களா?" என்றார். சொன்னேன். அவர் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் பதினைந்து பேருக்கு மேல் வந்துவிட்டார்கள்.

முன்னால் வந்தவர் சின்னப்பன். இப்போது கிழவராகிவிட்டார், பார்வை மட்டு. நான் எழுந்து, அவர் நீட்டும் கைகளைத் தொட முறைப்படி இரண்டு உள்ளங்கையையும் கொண்டுபோனேன். அவர் இரண்டு கையையும் நீட்டவில்லை. வலது கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"அவரு அன்னிக்கு எங்களுக்கு இப்படித்தானுங்க கை குடுத்தாரு. அவருக்கு இப்படித்தான் குடுக்கோணும்" என்றார்.

நான் கொடுத்தேன். மேலும் கீழுமாக இரண்டு தரம் குலுக்கினார். பின்னால் நின்றவர்களும் அதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்து கை குலுக்கினார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஓர் எழவுக்கு இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்கள்.

நீங்கள் கேட்காத கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். இது நானே கட்டிவிட்ட பதில் இல்லை. எனக்குப் பயம். கல்யாணத்துக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பாதிப் பயம். வெள்ளைக்காரனுக்குப் போய்ப் பங்காளி என்று உட்கார்ந்தானே என்று ஊர் சிரிக்குமோ என்று மீதிப் பயம். உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் கை நீட்டுவது எப்படி என்று அங்கேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம். அன்று அந்த ஏழு டம்ளர்களையும் நீங்கள் தனியாகத்தானே கழுவி வைத்தீர்கள்?

தை மாதம் கவிதாவுக்குக் காது குத்துகிறோம். அந்த நல்ல நாற்காலியைத் துடைத்துப் பந்தலுக்குள்ளே, மாமனுக்குப் பக்கத்தில் போடுவேன். வேப்பமரத்தடியில் இல்லை. இது என் வாக்கு. அது எதற்குக் காலியாக இருக்கிறது என்று கவிதா கட்டாயம் கேட்பாள். அவளுக்கும் ஒன்றும் கட்டிவிடாமல், கிணற்று மேட்டில் நான் நின்றதையும் சேர்த்தே சொல்வேன்.

உங்கள் தங்கைக்கு நாளைக்குப் பதில் எழுத வேண்டும். என்ன உறவு என்று கேட்டிருக்கிறாரே, அதை முதலில் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்காளி
குழந்தைவேல்